‘உள்ளூர்க் குறை’ என்னும் மதிப்பீடு போதுமா?

கணிப்பொறியில் யார் எதைத் தொடலாம் என்று காவல் காப்பது, இயக்க முறைமையின் உட்கருவான ‘கெர்னல்’ ஆகும். லினக்ஸ் கெர்னலில் 2007 முதல் தாக்குதலுக்கு இடம் தந்து, 2016 அக்டோபரில் அடைக்கப்பட்ட ‘டர்ட்டி கௌ’ என்ற ஓட்டை இக்காவலை உடைத்தது. ஆயினும் வல்லுநர் அளவுகோலில் அது பெற்ற மதிப்பெண் 10க்கு 8க்கும் குறைவே. முக்கியக் காரணம், அது ‘உள்ளூர்’க் குறையாம், ஏற்கெனவே உள்ளே இருப்பவரே பயன்படுத்தக் கூடியதாம். இம்மதிப்பீடு போதுமா?

முதலில் குறையைப் பார்ப்போம். ஒரு கோப்பைப் படிக்க மட்டுமே உரிமையுள்ள நிரல், தனக்கென அதில் திருத்தம் செய்ய விரும்பினால், கெர்னல் ஒரு நகல் எடுத்துத் தரும். எழுதுவது நகலில்தான் விழும், மூலம் கெடாது. நகலெடுப்பது ஒரு படி. எழுதுவது மறு படி. இடையிலுள்ள நுண்ணிய கணத்தில், அதே நிரலின் இன்னொரு கிளை “நகலை எறிந்துவிடு” என்று கட்டளையிட்டால், எழுத்து மூலக் கோப்பிலேயே விழுந்துவிடும். அக்கோப்பு நிர்வாகியின் உரிமையோடு ஓடும் நிரலாயின், சாதாரணப் பயனரே நிர்வாகியாகிவிடலாம்.

நேரம் அவ்வளவு துல்லியமாகப் பொருந்துமா? 10,000 முயற்சிகளில் ஒருமுறை பொருந்தும் என்று வைத்துக்கொள்வோம். 1,00,000 முறை முயன்றால், ஒருமுறைகூடப் பொருந்தாமற்போகும் வாய்ப்பு ஏறத்தாழ 22,000இல் ஒன்றுதான்! லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இலேயே இதைச் சரிசெய்ய முயன்றார். வேறு சிக்கலால் அத்திருத்தம் நீக்கப்பட்டது. அன்று ஏட்டளவில் இருந்த அபாயம் பின்னர் எளிதாகிவிட்டது என்று 2016இல் அவரே குறிப்பிட்டார். ‘அரிது’ என்பது காவலாகாது; எத்தனை முறை முயல்வது என்பதைத் தீர்மானிப்பவன் தாக்குபவன் அல்லவா?

இனி ‘உள்ளூர்’ என்ற சொல். இக்குறை வெளிவாசலைத் தானே திறப்பதில்லை என்பது உண்மையே. ஆனால் ஃபில் ஓஸ்டர் இதைக் கண்டுபிடித்தது எப்படி? தம் சர்வருக்கு வெளியிலிருந்து வந்த வலைப் போக்குவரத்தை அவர் பதிவு செய்து வைத்திருந்தார். தாக்கும் நிரல் அதில் அகப்பட்டது. உள்ளூர்க் குறை வெளியூர்க்காரன் கையில் இருந்தது! வேறொரு சிறு ஓட்டை வழியே நுழைந்தவனும் உள்ளூர்க்காரனே. 2017இல் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பரவிய ஒரு தீநிரலும் இதையே பயன்படுத்தியது.

சூழலுக்கேற்ப மதிப்பெண்ணைத் திருத்திக்கொள்ள அந்த அளவுகோலிலேயே இடமுண்டு. நாம் படிப்பதோ அடிப்படை எண்ணை மட்டும். ஒருவரே பயன்படுத்தும் வீட்டுக் கணிப்பொறிக்கும், நூறு மாணவர் கணக்கு வைத்துள்ள கல்லூரிக் கணிப்பொறிக்கும் ஒரே எண் பொருந்துமா? எண்ணைப் பார்க்குமுன் ‘உள்ளே யார் யார் இருக்கிறார்கள்?’ என்று கேட்பதே சரியான மதிப்பீட்டின் முதற்படி.