படத்தில் பார்த்த வீடு

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்' என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவைத்தார்கள். செலவை மனதில் வைத்துச் சொன்னது. இப்போது இன்னொரு ஒற்றுமையும் சேர்ந்திருக்கிறது. இரண்டுமே ஒரு போட்டோவில்தான் ஆரம்பிக்கின்றன.

ஜாதகத்தோடு அனுப்பும் படத்தை ஸ்டுடியோக்காரர் கொஞ்சம் 'டச்சப்' செய்வது ஊரறிந்த விஷயம். பரு மறையும், நிறம் ஒரு படி ஏறும். பிள்ளை வீட்டாரும் அதைக் கழித்துக்கொண்டுதான் பார்ப்பார்கள். எப்படியும் ஒருநாள் நேரில் வந்து பஜ்ஜி, சொஜ்ஜி சாப்பிடப்போகிறார்களே! வீட்டுப் படத்தில் அப்படிக் கழித்துப் பார்க்க நமக்கு இன்னும் பழகவில்லை. பத்துக்குப் பத்து பெட்ரூம், பாட்மின்டன் ஆடலாம் போல இருந்தாலும் நம்பிவிடுகிறோம்.

எப்படி நடக்கிறது இந்த மாயம்? வைட் ஆங்கிள் லென்ஸ். 16 மில்லிமீட்டர் லென்ஸை கேமராவில் மாட்டி, அறையின் மூலையில் முதுகை ஒட்டி நின்று, நெஞ்சு உயரத்தில் வைத்து க்ளிக் செய்தால் எதிர்ச்சுவர் தள்ளிப்போய்விடும். பக்கத்தில் இருக்கும் கட்டில், ரயில்வே பிளாட்பாரம் மாதிரி நீளும். படத்தின் ஓரத்தில் இருக்கும் ஃப்ரிட்ஜைப் பாருங்கள். பீரோ அகலத்துக்குப் பெருத்திருந்தால், லென்ஸ் வேலை பார்த்திருக்கிறது என்று அர்த்தம்.

அமெரிக்காவில் இது தனித் தொழில். வீடு விற்கும் ஏஜென்ட் கூப்பிடுவார். போட்டோகிராபர் போய், ஒவ்வொரு அறையையும் வெளிச்சம் கூட்டியும் குறைத்தும் மூன்று, ஐந்து என்று எடுப்பார். ராத்திரி அவை வியட்நாமுக்கோ பிலிப்பைன்ஸுக்கோ போகும். அங்கே யாரோ உட்கார்ந்து ஒன்றாகச் சேர்த்து, சுவரை வெளுத்து, மங்கிய வானத்தை எடுத்துவிட்டு நீல வானத்தை ஒட்டி, காய்ந்த புல்லைப் பச்சையாக்கி அனுப்புவார்கள். மறுநாள் காலை படங்கள் ரெடி.

இதெல்லாம் பொய்யா? அவசரப்பட்டுச் சொல்ல முடியாது. உலகத்திலேயே பிரபலமான வீட்டுப் படம் என்று ஒன்றைச் சொல்வதானால், ஜூலியஸ் ஷுல்மன் 1960-ல் லாஸ் ஏஞ்சலிஸில் எடுத்ததைச் சொல்லலாம். பியரி கோனிக் வடிவமைத்த கண்ணாடி வீடு. மலை விளிம்பில் அது அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்க, உள்ளே இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள், கீழே நகரமே விளக்குகளாக விரிகிறது. ஒரே க்ளிக்கில் எடுத்ததல்ல. நகரத்து விளக்குகள் பதிவாவதற்கு ஷட்டரைப் பல நிமிடங்கள் திறந்து வைத்து, பிறகு வீட்டுக்குள் ஃப்ளாஷ் அடித்தார். மரம் வளராத புது வீடுகளைப் படம் எடுக்கும்போது, வெட்டிய கிளை ஒன்றை லென்ஸுக்கு முன்னால் பிடிக்கச் சொல்வதும் ஷுல்மனுக்கு வழக்கம்.

முதல் தந்திரம் எனக்கு நியாயமாகப் படுகிறது. அந்த வீட்டில் நின்றால் நம் கண்ணுக்கு உள்ளேயும் தெரியும், வெளியேயும் தெரியும். கேமராவால் அது முடியாது. ஆகவே போட்டோகிராபர் கேமராவுக்குக் கைகொடுத்தார், அவ்வளவுதான். இரண்டாவதில் லேசாக இடிக்கிறது. இல்லாத மரத்தின் நிழலுக்கு யாராவது விலை கொடுத்துவிடக்கூடாதே! ஷுல்மன் படங்கள் பெரும்பாலும் பத்திரிகைக்கும் கட்டடக் கலைஞர்களுக்கும் போனதால் பெரிய ஆபத்தில்லை. இன்றைய படங்கள் நேராக, கடன் வாங்கி வீடு வாங்குகிறவரிடம் போகின்றன.

சிக்கல் இங்கேதான். படத்துக்குக் காசு கொடுப்பவர் ஏஜென்ட். படத்தை நம்புகிறவர் வாங்குபவர். போட்டோகிராபருக்கு வாங்குபவரின் முகம்கூடத் தெரியாது. இந்த முக்கோணத்தில் போட்டி என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். நல்ல கேமரா மலிந்துபோனது. ட்ரோன் வாங்கியவரெல்லாம் தொழிலுக்கு வந்தார்கள். ஒருவர் வாங்குவதில் பாதி ரேட்டுக்கு இன்னொருவர் வருகிறார். "முதல் வீட்டை ஃப்ரீயா பண்ணிக் கொடுங்க, அப்புறம் நிறைய வேலை வரும்" என்று ஏஜென்ட் ஆசை காட்டுகிறார். (இந்த வசனம் உலகப் பொதுமறை. நம் ஊர்க் கல்யாண போட்டோகிராபர்களுக்கும் மனப்பாடம்.) ரேட்டில் இதற்குமேல் இறங்க முடியாது என்கிற நிலை வந்ததும், அடுத்து இறங்குவது மனசாட்சி.

"அந்தக் கரண்ட் கம்பம் மட்டும் உறுத்துது, எடுத்துடுங்களேன்."

"அது அங்க இருக்கே சார்?"

"சரி, விடுங்க. வேற ஆளைப் பாத்துக்கறேன்."

அடுத்த மாத வீட்டு வாடகையை நினைத்துக்கொண்டு கம்பத்தை அழிப்பவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனால், இந்தத் தொழிலில் 'எதிக்ஸ்' என்று எதையெல்லாம் பேசுகிறார்கள் என்று பட்டியல் போட்டால் ஒன்று புரிகிறது. அடுத்தவர் கஸ்டமரைக் கொத்தாதே. அடிமாட்டு விலைக்குப் போகாதே. அடுத்தவர் எடுத்த படத்தை உன்னுடையது என்று காட்டாதே. ஏஜென்ட் மாறினால், பழைய ஏஜென்டுக்கு எடுத்த படத்தைப் புது ஏஜென்ட் இனாமாகப் போட விடாதே. எல்லாம் நியாயம்தான். ஆனால், எல்லாமே தொழிலுக்குள் ஒருவரை ஒருவர் எப்படி நடத்துவது என்பது பற்றியவை. வாங்குபவர் இந்தப் பட்டியலில் எங்கே?

கோர்ட்டுகளிலும் பெரிய சண்டைகள் சொத்துரிமை பற்றியவைதான். அமெரிக்கச் சட்டப்படி படம் பொதுவாக எடுத்தவருக்குச் சொந்தம். ஏஜென்ட் வாங்குவது பயன்படுத்தும் அனுமதியை மட்டும். வி.எச்.டி. என்கிற போட்டோ நிறுவனம் 2015-ல் ஸில்லோ மீது வழக்குப் போட்டது. வீடு விற்பதற்காக எடுத்த படங்களை, வீட்டு அலங்காரத்துக்கு ஐடியா தரும் பகுதியில் போட்டுக்கொண்டார்கள் என்பது புகார். 2017-ல் ஜூரி 8.3 மில்லியன் டாலர் என்றது. பிறகு வந்த தீர்ப்புகளில் அது வெகுவாகச் சுருங்கியது. வணிகக் கட்டடங்களின் தகவல் விற்கும் கோஸ்டார், தன் படங்களைத் திருடியதாக எக்ஸெலிஜென்ட் மீது 2016-ல் வழக்குப் போட்டது. 2019-ல் 500 மில்லியன் டாலருக்குத் தீர்ப்பானது. ஆனால், எக்ஸெலிஜென்ட் 2017-லேயே திவால்! அதே கோஸ்டார் 2025-ல், கிட்டத்தட்ட 47,000 படங்களுக்காக ஸில்லோ மீதும் பாய்ந்தது.

படம் யாருடையது என்பதற்கு இத்தனை மில்லியன். படம் உண்மையா என்பதற்கு? அமெரிக்க ரியல் எஸ்டேட் ஏஜென்டுகளின் தேசியச் சங்கம் தன் நெறிமுறையில், விளம்பரத்தில் 'உண்மையான சித்திரத்தை' அளிக்கவேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது. அவர்கள் உவமையாகச் சொன்னதை அட்சரம் பிசகாமல் எடுத்துக்கொண்டிருந்தால் பாதிப் பிரச்னை தீர்ந்திருக்கும்.

கலிஃபோர்னியா ஒரு வழி கண்டுபிடித்தது. 2026 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த சட்டம் அது. கம்ப்யூட்டரிலோ, ஏ.ஐ. கொண்டோ படத்தை மாற்றினால், மாற்றியிருக்கிறோம் என்று விளம்பரத்தில் தெளிவாகச் சொல்லவேண்டும். மாற்றாத படத்தையும் பார்க்க வழி தரவேண்டும். இல்லாத சோபாவைப் போடுவது, பெயின்ட்டை மாற்றுவது, மின்கம்பத்தை அழிப்பது, ஜன்னலுக்கு வெளியே தெரியும் காட்சியைத் திருத்துவது எல்லாம் இதில் அடக்கம். வெளிச்சம் சரிசெய்வது, கோணலை நிமிர்த்துவது போன்றவற்றுக்கு விலக்கு. அதாவது ஷுல்மன் ஃப்ளாஷ் அடித்தது ஓகே. கிளையைக் கம்ப்யூட்டரில் வரைந்தால் சொல்லிவிட்டு வரையவேண்டும். கோடு சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. ஆனால் ஒன்று தப்பித்துவிட்டது. நம்முடைய 16 மில்லிமீட்டர் லென்ஸ்! அது எதையும் டிஜிட்டலாக மாற்றுவதில்லை. கண்ணாடியாலேயே பொய் சொல்கிறது.

நம் ஊரில் கதை வேறு. இங்கே படம் எடுக்கும் நேரத்தில் பல வீடுகள் இருப்பதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் முழுப் பக்கத்துக்கு நீச்சல்குளமும் பனைமரமும் கம்ப்யூட்டரில் வரைந்து, 'கற்பனைச் சித்திரம்' என்பதைக் கொசு எழுத்தில் போடுகிறார்கள். 2016-ன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் 12-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. விளம்பரத்தையோ மாதிரி ஃப்ளாட்டையோ நம்பி அட்வான்ஸ் கொடுத்து, அதில் இருந்த பொய்யால் நஷ்டப்பட்டால் புரமோட்டர் ஈடுகட்டவேண்டும். விலகிக்கொள்ள நினைத்தால் பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். நல்ல பிரிவு. ஆனால், கட்டி முடித்த வீட்டை வாடகைக்கோ மறுவிற்பனைக்கோ போடும் புரோக்கரின் படங்களுக்கு இது எட்டாது. அங்கே ஒரே ஹாலின் படம் மூன்று பேட்டைகளில் மூன்று வாடகைக்குச் சுற்றிக்கொண்டிருக்கும்.

நம் போட்டோகிராபரின் நிலைமை இன்னும் மெலிது. 1957-ன் காப்பிரைட் சட்டப்படி, காசு வாங்கிக்கொண்டு ஒருவர் சொல்லி எடுத்த படம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவருக்கே சொந்தம். படத்தின் மேல் உரிமை இல்லாதவரிடம் படத்தின் உண்மைக்குப் பொறுப்பை மட்டும் கேட்பது எப்படி?

எனக்குத் தோன்றும் யோசனை எளிமையானது. பத்திரிகையில் வரும் படத்துக்குக் கீழே எடுத்தவர் பெயர் இருக்கிறது. தவறு என்றால் யாரைக் கேட்பது என்று தெரியும். வீட்டுப் படங்களுக்கும் அப்படிப் பெயர் போடட்டும். "இவர் எடுத்தால் வீடு அப்படியே இருக்கும்" என்று நாலு பேர் சொல்ல ஆரம்பித்தால், அந்தப் பெயருக்கு ஒரு விலை வரும். யார் மலிவு என்பதோடு யாரை நம்பலாம் என்பதிலும் போட்டி நடக்கும். கம்பத்தை அழிக்கச் சொல்பவரிடம் "என் பேர் போடறீங்களே சார்" என்று மறுப்பதற்கு ஒரு காரணமும் கிடைக்கும்.

அதுவரை வாங்குகிறவர்களுக்கு இரண்டு யோசனைகள். ஒன்று, ஜன்னலில் நின்று வெளியே பார்த்து எடுத்த ஒரு படம் கேளுங்கள். தரத் தயங்கினால் பக்கத்துச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று ஊகிக்கலாம். இரண்டு, நேரில் போகும்போது பத்து ரூபாய் ரசகுல்லாவோடு வரவேற்கும் ஆளை நம்பாமல், கையோடு ஒரு இஞ்ச் டேப் கொண்டுபோங்கள். அதில் வைட் ஆங்கிள் கிடையாது.