ஜோஹோவின் அணுகல் டோக்கன் முறை: ஒரு மதிப்பீடு

தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் கொண்டுள்ள ஜோஹோ நிறுவனம், தன் மென்பொருள்களில் சேமிக்கப்பட்டுள்ள தரவை வெளி நிரல்கள் கேட்டுப் பெறுவதற்கு இணையவழி ஏபிஐ-களை வழங்குகிறது. கேட்கும் நிரலுக்கு அனுமதி உண்டா, எந்த அளவுக்கு உண்டு என்பதை அணுகல் டோக்கன் எனப்படும் நீண்ட எழுத்துச் சரம் காட்டுகிறது. சங்கரன்கோவிலில் நிரலாக்கம் பயிலும் மாணவருக்கு இது தன் மாவட்டத்திலேயே கிடைக்கும் எடுத்துக்காட்டு.

ஜோஹோ சிஆர்எம் மென்பொருளின் பழைய ஏபிஐ, ஆத்டோக்கன் என்ற ஒரே நிரந்தரத் திறவுகோலைப் பயன்படுத்தியது. அது இணைய முகவரியின் பகுதியாகவே அனுப்பப்பட்டது. முகவரி என்பது சர்வர் பதிவேடுகளிலும் உலாவியின் வரலாற்றிலும் பதிந்துவிடும் பொருள். வீட்டுச் சாவியை வாசல் நிலையில் தொங்கவிடுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. இரண்டாம் பதிப்பில் இதைக் கைவிட்டு ஓஆத் 2.0 முறைக்கு மாறியது சரியான முடிவு.

புதிய முறையில் டோக்கன், கோரிக்கையின் தலைப்புப் பகுதியில் செல்கிறது. ஒரு மணி நேரத்தில் காலாவதியாகிறது. ஆனாலும் இது 'வைத்திருப்பவர்' வகை டோக்கனே. பேருந்துப் பயணச்சீட்டில் பெயர் இராது. கையில் வைத்திருப்பவரே பயணி. மாணவர் இலவசப் பயண அட்டையில் படம் இருப்பதால் பிறர் பயன்படுத்த இயலாது. அணுகல் டோக்கன் முதல் வகை. ஓஆத் 1.0-இல் ஒவ்வொரு கோரிக்கையும் கையொப்பமிடப்பட்டது, 2.0-இல் அது கட்டாயமில்லை. இத்தகைய மாற்றங்களை எதிர்த்தே அதன் முதன்மை ஆசிரியர் எரான் ஹாமர் 2012 ஜூலையில் விலகினார். அதே ஆண்டு அக்டோபரில் ஆர்எஃப்சி 6749, 6750 ஆகியவை வெளியாயின.

ஒரு மணி நேரம் என்ற வரம்பு நல்ல காப்பு. ஆனால் ஆபத்து நீங்கவில்லை, இடம் மாறியிருக்கிறது. அணுகல் டோக்கனுடன் புதுப்பிப்பு டோக்கன் ஒன்றும் தரப்படுகிறது. உரியவர் ரத்து செய்யும்வரை அதற்குக் காலாவதி இல்லை. அதைக் கொடுத்து மணிக்கொரு முறை புதிய அணுகல் டோக்கன் பெறலாம். அதைத் திருடியவர் கிளையன்ட் ஐடி, கிளையன்ட் சீக்ரெட் ஆகிய இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால்தான் பயன் உண்டு என்று நிறுவனத் தரப்பில் சொல்லலாம். கோட்பாட்டளவில் இது உண்மைதான். நடைமுறையில், தொடக்க நிலை மாணவர் மூன்றையும் ஒரே கோப்பில்தான் எழுதுகிறார்.

சங்கரன்கோவில் விசைத்தறி உரிமையாளர் ஒருவர் தம் வாடிக்கையாளர் பட்டியலை சிஆர்எம்மில் வைத்திருப்பதாகக் கொள்வோம். பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் அதற்கு நிரல் எழுதி, நண்பர்கள் பார்க்கட்டும் என்று கிட்ஹப்பில் ஏற்றுகிறார். கடவுச்சொல் எங்கும் வெளியாகவில்லை. ஆயினும் வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்களும் முகவரிகளும் கோப்பைக் கண்டவர் கைக்குப் போய்விடும். இழப்பு மாணவருக்கு அல்ல, உரிமையாளருக்கும் அவரை நம்பி எண் கொடுத்தவர்களுக்கும்.

அனுமதி எல்லையும் இங்கே முக்கியம். தொடர்புகளைப் படிக்க மட்டும் அனுமதி கேட்கலாம். எல்லாப் பகுதிகளுக்கும் முழு அனுமதியும் கேட்கலாம். ஆவண எடுத்துக்காட்டுகளில் 'ஆல்' என்று முடியும் முழு அனுமதி பரவலாகக் காணப்படுகிறது. மாணவர் எடுத்துக்காட்டை அப்படியே நகலெடுப்பார் என்பது எந்த ஆசிரியரும் அறிந்ததே. குறுகிய அனுமதியை முதல் எடுத்துக்காட்டாக வைப்பதே முறை.

இன்னொரு குறை, ஒரு பயனருக்கான 20 புதுப்பிப்பு டோக்கன் வரம்பு. அதைத் தாண்டினால், பயன்பாட்டில் இருக்கிறதா என்று பாராமல் மிகப் பழைய டோக்கன் நீக்கப்படுகிறது. சோதனைக்காகப் புதிது புதிதாகப் பெறும் மாணவர், கடையில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த நிரலைத் தாமே நிறுத்திவிடக்கூடும். ஆவணத்தில் இது சொல்லப்பட்டிருக்கிறது. தேடினால்தான் கிடைக்கும்.

இந்தியத் தரவு மையக் கணக்குக்கு 'டாட் இன்' முகவரியைப் பயன்படுத்த வேண்டும் என்பதும் புதியவரைக் குழப்புவது, பழகினால் சரியாகிவிடும்.

டோக்கன் வெளியானால் கோப்பை அழிப்பது போதாது. கிட் வரலாற்றில் பழைய வடிவம் அப்படியே இருக்கும். ஜோஹோ கணக்கில் புதுப்பிப்பு டோக்கனை ரத்து செய்து, கிளையன்ட் சீக்ரெட்டையும் மாற்ற வேண்டும். பிறகு இரண்டையும் நிரலுக்கு வெளியே, சூழல் மாறிகளில் வைக்க வேண்டும்.