கென்கென் புதிரும் காரணி அறிவும்

யப்பானியக் கணித ஆசிரியர் தெத்சுயா மியமோட்டோ 2004இல் ஆக்கிய கென்கென் புதிர், பெருக்கல் வாய்பாட்டைத் தலைகீழாக்குகிறது. வாய்பாடு காரணிகளைத் தந்து பெருக்கத்தைக் கேட்கும்; புதிரோ பெருக்கத்தைத் தந்து காரணிகளைக் கேட்கும். ஆறுக்கு ஆறு சதுரத்தில் 1 முதல் 6 வரையான எண்கள் நிரைதோறும் நிரல்தோறும் ஒருமுறையே வரும். ஒரே நிரையில் அடுத்தடுத்த மூன்று கட்டங்களின் பெருக்கம் 30 எனின், அவை 1, 5, 6 ஆகலாம். 2, 3, 5உம் ஆகலாம். எதுவாயினும் 5 அம்மூன்றனுள் அடங்கும். அந்நிரையின் ஏனைய கட்டங்களில் அதற்கு இடமில்லை. விடை அறியுமுன்னரே முடிவொன்று பிறக்கும் இவ்விடமே புதிரின் உயிர்நிலை எனலாம். பெருக்கம் 12 எனின் 2, 2, 3 என்பது நேர்நிரையில் பொருந்தாது. கட்டங்கள் வளைந்தமைந்து, இரு முனைகளிலும் 2 நிற்பின் பொருந்தும். வெறும் மனனம் இந்நுண்மையைத் தராது.

எனினும், ஆசிரியர் கற்பிக்காமலே மாணவர் கற்பர் என இப்புதிரையொட்டி எழுந்த கொள்கையை முழுமையாக ஏற்பதற்கில்லை. இச்சதுரத்தில் 2, 3, 5 தவிர்ந்த முதன்மை எண் எதுவும் தோன்றாது. ஒன்பதுக்கு ஒன்பதிலும் 7 மட்டுமே புதிதாகச் சேரும். 91ஐ 7, 13 எனப் பகுக்கும் பயிற்சி இங்கில்லை. (வாய்பாட்டை வெறுப்போர் இதனை ஏனோ பேசுவதில்லை.) ஆறைந்து முப்பது என முன்னரே அறியாதவனுக்கோ ஊகித்தலே எஞ்சும், அவனுக்கு வாய்பாட்டை ஒருவர் சொல்லிக்கொடுத்தே ஆகவேண்டும்.