எண்ணிக்கொள்ள ஒரு தேதி

நகைச்சுவைத் தொடர் என்றால் கூடம், சோபா, மாமியார், மருமகள் என்று நாம் பழகிவிட்டோம். ஆனால் ஜெயிலுக்குள்ளேயே நடக்கும் ஒரு தொடரை பி.பி.சி. 1974 முதல் 1977 வரை ஒளிபரப்பியது. பெயர் ‘பாரிட்ஜ்’, அதாவது கஞ்சி. நம்மூரில் ‘களி தின்பது’ என்கிறோமே, ஆங்கிலக் கொச்சையில் அதற்கு இந்தக் கஞ்சிதான்.

டிக் கிளெமென்ட், இயன் லா ஃப்ரெனே இருவரும் எழுதிய இத்தொடரில், 1974 செப்டம்பர் 19-இல் வந்த ‘எ நைட் இன்’ என்னும் பகுதியே என் கணிப்பில் சிகரம். ஓர் அறை, இரண்டு கட்டில், ஓர் இரவு, அவ்வளவுதான். பழைய புள்ளியான ஃப்ளெட்சருக்கு (ரோனி பார்க்கர்) ஐந்தாண்டுத் தண்டனை. முதல் தடவையாக உள்ளே வந்திருக்கும் இளைஞன் காட்பருக்கு (ரிச்சர்ட் பெக்கின்சேல்) இரண்டாண்டு. பூட்டிய கதவைப் பார்த்துப் பையனுக்கு மூச்சு முட்டுகிறது. பெரியவர் ஒரு வழி சொல்கிறார்: அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைக்காதே, இன்றைக்கு வெளியே போக மனசில்லாமல் வீட்டிலேயே இருக்கிறோம் என்று நினைத்துக்கொள். கடைசியில் பையன் தேறிவிடுகிறான். ஆனால் இப்படி இன்னும் எத்தனை ராத்திரி பாக்கி என்றும் கணக்குப் பார்த்துவிடுகிறான்!

மனசைத் தேற்றும் தந்திரம் என்றே பலரும் இதைப் பாராட்டுவார்கள். எனக்கோ அந்தக் கணக்குதான் முக்கியமாகப் படுகிறது. விடுதலைத் தேதி தெரிந்தவனால்தான் சிரிக்க முடியும்.

அதே ஆண்டுகளில் நம் பெங்களூரு மத்தியச் சிறையில் (இன்றைய ஃப்ரீடம் பார்க்) நெருக்கடி நிலைக் கைதிகள் இருந்தார்கள். வாஜ்பாயும் அத்வானியும் 1975-இல் இங்கே அடைபட்டார்கள். ‘மெட்ராஸ் பிளேயர்ஸ்’ நாடகக் குழுவை நிறுவியவர்களில் ஒருவரான சிநேகலதா ரெட்டி 1976 மே மாதம் கைதானார். ஆஸ்துமா நோயாளியான அவர், வழக்கு விசாரணையே இன்றி எட்டு மாதம் உள்ளே இருந்தார். 1977 ஜனவரியில் பரோலில் வந்த சில நாளிலேயே இறந்துபோனார். அவரும் நாடகக் கலைஞர்தான். ஆனால் எண்ணிக்கொள்ள அவருக்குத் தேதி எதுவும் தரப்படவில்லை.

ஃப்ளெட்சரின் யோசனை அந்த அறையில் பலித்திருக்காது. இதைத் தொடரின் குறை என்று நான் சொல்லமாட்டேன். சட்டம் நாளை எண்ணித் தரும் தேசத்தின் நகைச்சுவை அது. ஃப்ரீடம் பார்க்கில் பழைய அறைகள் சிலவற்றை அப்படியே வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளோடு அந்தப் பக்கம் போனால் உள்ளே ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்.