செருகலும் பிடுங்கலும்: சாதன அறிவிப்பு முறையின் நிறைகுறைகள்

கூத்தாநல்லூர் போன்ற டெல்டா ஊர்களின் பொதுச் சேவை மையங்களில் பி.எம். கிசான் உதவித்தொகைக்காக இ-கேஒய்சி செய்ய வரும் விவசாயியும், 2014 நவம்பரில் தொடங்கிய ஜீவன் பிரமாண் திட்டத்தில் உயிர்வாழ் சான்று பதிய வரும் ஓய்வூதியரும், கணினியோடு யுஎஸ்பி கேபிளால் இணைந்த கைரேகைக் கருவியில் விரல் வைத்துத் தம்மை மெய்ப்பிக்கின்றனர். அத்தகைய கருவி செருகப்பட்டதையும் பிடுங்கப்பட்டதையும் இயங்குதளம் உடனுக்குடன் மென்பொருள்களுக்குத் தெரிவிக்கும் ஏற்பாடே சாதன அறிவிப்பு. நிகழ்ந்ததை விரைந்து சொல்வதில் இம்முறை வல்லது. ஆயினும் கருவியின் இப்போதைய நிலைக்கு அதைச் சான்றாகக் கொள்ள இயலாது.

கருவியைச் செருகியதும், அதனுள் இருக்கும் 1.5 கிலோ ஓம் மின்தடை தரவுக் கம்பிகளுள் ஒன்றின் மின்னழுத்தத்தை உயர்த்துவதால், ஏதோ வந்திருக்கிறது என்பதைப் போர்ட் உணர்கிறது. தொடர்பு நிலைபெறக் குறைந்தது 100 மில்லிவிநாடி பொறுத்த பின், கருவியின் தயாரிப்பாளர் எண்ணையும் வகை எண்ணையும் கேட்டறியும் இயங்குதளத்தின் உட்கரு, அதாவது கர்னல், அச்செய்தியை மேலே அனுப்புகிறது. லினக்ஸில் அதைப் பெற்றுப் பிற மென்பொருள்களுக்குப் பகிர்வது, 2003இல் கிரெக் க்ரோவா-ஹார்ட்மேன் வெளியிட்ட யூடெவ் என்னும் நிரல். விண்டோஸில் இச்செய்தி, பதிவு செய்துகொண்ட ஒவ்வொரு நிரலையும் நேரடியாக வந்தடைகிறது.

இம்முறையின் முதன்மையான நிறை, நிரல்கள் ஓயாது கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய தேவையை நீக்கியது. நொடிதோறும் எல்லாப் போர்ட்களையும் சோதிக்கும் நிரல், பயனின்றிக் கணிப்பொறியின் உழைப்பையும் மடிக்கணினியின் பேட்டரியையும் தின்னும். அறிவிப்புக்குக் காத்திருக்கும் நிரலோ செய்தி வரும்வரை உறங்கலாம். மேலும், விண்டோஸ் முறைப்படி ஒரு சாதனத்தை நீக்கும்போது, அதைப் பயன்படுத்தும் நிரல்களிடம் முன்கூட்டியே இசைவு கேட்கிறது. கோப்பு இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருந்தால் நிரல் மறுக்கலாம். ஆனால் இந்தப் பாதுகாப்பு, சொல்லாமல் பென் டிரைவை உருவுகிறவரிடம் பயன்படாது. அப்போது அறிவிப்பு இழப்பிற்குப் பின்னரே வருகிறது.

குறைகளுள் தலையாயது, வந்தது என்பதற்கும் தயாரானது என்பதற்கும் இடையிலுள்ள தொலைவு. கருவி வந்துவிட்டது என்ற அறிவிப்பு எழும்போது, அதை இயக்கும் டிரைவர் இன்னும் பொருந்தாமல் இருக்கலாம். இதனை வேறுபடுத்திக் காட்ட, 2017 நவம்பரில் வெளியான லினக்ஸ் 4.14, டிரைவர் பொருந்தியதையும் பிரிந்ததையும் தனி அறிவிப்புகளாகச் சேர்த்தது. சேர்ந்தது, மாறியது, நீங்கியது ஆகியவையே அறிவிப்பு வகைகள் என்று கருதி எழுதப்பட்டிருந்த பல யூடெவ் விதிகள் புதிய வகைகளைச் சரியாகக் கையாளாமையால், சாதனத்தைப் பற்றி முன்பு திரட்டிய குறிப்புகளும் தொலைந்தன. குறையைத் தீர்க்க வந்த நல்ல திருத்தமே பழைய நிரல்களைத் தடுமாற வைத்தது.

இரண்டாவது குறை, அறிவிப்பு தவறிப்போகக்கூடும் என்பது. நிரல் தொடங்குவதற்கு முன்பே செருகப்பட்ட கருவியைப் பற்றி அதற்குச் செய்தி வராது. செய்திகள் குவிந்து அவற்றைத் தற்காலிகமாக வைக்கும் நினைவிடம் நிரம்பினால் சில இழக்கப்படும். மூன்றாவது, அறிவிப்பைத் தொடர்ந்து தானே செயல்படும் பழக்கத்தின் ஆபத்து. பென் டிரைவைச் செருகியதும் அதிலுள்ள நிரலை இயக்க வழிவிட்ட விண்டோஸின் ஆட்டோரன் வசதியை 2008இன் இறுதியில் பரவத் தொடங்கிய கான்ஃபிக்கர் புழு பயன்படுத்திக்கொண்டது. விண்டோஸ் 7இலும், பின்னர் 2011 பிப்ரவரித் திருத்தத்தால் பழைய பதிப்புகளிலும், பென் டிரைவ்களுக்கு அவ்வழி அடைக்கப்பட்டது. ஜெராக்ஸ் கடைகளிலும் பிரவுசிங் சென்டர்களிலும் பலரது பென் டிரைவ்கள் ஒரே கணினியில் செருகப்படும் சூழலில், இதன் பொருள் விளங்கும்.

ஆதார் கைரேகைக் கருவிகளின் நடைமுறை அறிவிப்பு முறைக்கு ஓர் எதிர்நிலையைக் காட்டுகிறது. ஆதார் ஆணையம் வகுத்த முறைப்படி, விண்டோஸ் கணினியில் கருவியின் தயாரிப்பாளர் தரும் ஆர்.டி. சர்வீஸ் என்னும் பின்னணி நிரலைச் செயலியே 11100 முதல் 11120 வரையிலான பிணையப் போர்ட் எண்களில் தேடிக் கண்டுபிடித்து, தயாரா, பயன்பாட்டில் உள்ளதா, தயாரில்லையா என்று வினவுகிறது. தேவைப்படும் கணத்தில் கேட்பதால் விடை புதியதாக இருக்கிறது. ஆனால் ஒருமுறை கேட்டு, அந்த விடையையே நம்பியிருக்கும் செயலி, இடையில் கேபிள் தளர்ந்ததை அறியாது. ரேகை கிடைக்கவில்லை என்று மட்டும் திரை சொன்னால், களையெடுத்தும் கதிரறுத்தும் ரேகை தேய்ந்த விரலின் மேல் பழி விழுகிறது. ஊழியர் விரலைத் துடைத்துத் துடைத்து மீண்டும் வைக்கச் சொல்வார். பிழை கருவியினுடையதா விரலினுடையதா என்று பிரித்துச் சொல்லாத மென்பொருள், சேவை பெற வந்தவரையே குற்றவாளியாக்குகிறது.

ஆகவே அறிவிப்பதா, கேட்பதா என்ற தேர்வில் ஒன்றை விலக்க வேண்டியதில்லை. அறிவிப்புக்கு முதலில் பதிவு செய்து, அதன் பின்னரே இருக்கும் சாதனங்களைக் கணக்கெடுத்தால், இடைவெளியில் வருவது தவறாது. ஒவ்வோர் அறிவிப்பையும் உண்மையாகக் கொள்ளாமல், மீண்டும் நிலையைச் சரிபார்க்கும் தூண்டுதலாகக் கொண்டால், தவறிய செய்தியும் முந்திவந்த செய்தியும் பெருந்தீங்கு செய்யா. பொதுச் சேவைக்கான மென்பொருளை ஏற்குமுன், ரேகை பதியும்போதே கேபிளை உருவி, திரை என்ன சொல்கிறது என்று பார்க்கும் எளிய சோதனையைக் கட்டாயமாக்குவது இக்குறைகளுள் பெரும்பாலானவற்றை வெளிக்கொணரும்.