கட்டைவிரலின் எடை

ஃபிளமெங்கோ கிதாரில் முதல் பாடமே கட்டைவிரலுக்குத்தான். கம்பியை மீட்டியதும் அது அடுத்த கம்பியின் மேல் போய்ச் சாய்ந்து நிற்க வேண்டும். விரலை மடக்கி இழுத்தால் சத்தம் சோனியாகிவிடும். மணிக்கட்டிலிருந்து கையின் எடையை அப்படியே இறக்கிப் பாருங்கள், ஸ்பெயின் நாட்டு அண்டலூசியாவின் அந்தக் கரகரத்த, தடித்த நாதம் கொஞ்சம் எட்டிப்பார்க்கும்.

அடுத்தது ரஸ்கேயாடோ. ஈரக்கையை உதறுவதுபோல, சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாகக் கம்பிகள் மேல் விசிற வேண்டும். இதில் மோதிரவிரல் ஒரு சண்டிமாடு. தனியே வராது, பக்கத்து விரலையும் இழுத்துக்கொண்டுதான் வரும். மெதுவாகப் பழகுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

விரல் பணிந்தாலும் தாளம் விடாது. சொலேயா என்ற ஃபிளமெங்கோ வடிவத்தில் ஒரு சுற்றுக்கு 12 எண்ணிக்கை; அழுத்தம் 3, 6, 8, 10, 12-இல். முதல் எண்ணில் ஓங்கித் தட்டியே பழகிய கை இங்கே தடுமாறும். (ஃபிளமெங்கோ கிதார் கலைஞர் பாகோ தே லூசியாவின் வேகத்தைக் கேட்டு மயங்கி வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.) நான் கிதாரைக் கீழே வைத்துவிட்டு, மேசையில் விரல்முட்டியால் தட்டி எண்ணிக்கொண்டிருக்கிறேன். பத்தில் இன்னும் தவறுகிறது.