‘துன்பக்கேணி’யும் ஒரு நாள் பேரும்

புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே முடிவுக்கே வருகின்றனர்: அது மனிதாபிமானப் படைப்பு, படிப்போர் நெஞ்சில் இரக்கத்தைச் சுரக்கச் செய்வது. இதனை நாம் மறுக்கவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேரும் மருதியின் உழைப்பும் உடலும் ஒருங்கே சூறையாடப்படுவதை ஆசிரியர் ஒளிவுமறைவின்றிக் காட்டியுள்ளார். ஆயினும், இரக்கத்தோடு நின்றுவிடும் விமர்சனம் அரைகுறை விமர்சனமேயாகும்.

அக்கதை ‘மணிக்கொடி’யில் வெளிவந்த 1935 ஆம் ஆண்டை நினைத்துப் பார்ப்போம். 1934–35 இல் இலங்கையிற் பரவிய மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தது. பசியால் மெலிந்திருந்த கிராமத்து ஏழைகளே மிகுதியாக மாண்டனர். மருந்தும் உணவும் சுமந்து சென்ற இடதுசாரி இளைஞர்கள், கொன்றது நுளம்பு மட்டுமன்று, வறுமையுந்தான் என்பதைக் கண்டனர். அவர்களிற் சிலர் முன்னின்று அவ்வாண்டு டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தனர். இரக்கம் அரசியலாயிற்று. 1931 இல் சர்வசன வாக்குரிமை பெற்ற மக்களிடம் வாக்குக் கேட்டுச் சென்ற எவரும் மருத்துவத்தைப் பற்றிப் பேசாதிருக்க முடியவில்லை. 1951 இல் அரசாங்க மருத்துவமனைகளிற் கட்டணம் நீக்கப்பட்டது.

ஆனால், மருதியின் வழிவந்தோர் அதற்கு முன்னரே வெளியே தள்ளப்பட்டுவிட்டனர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த சட்டங்களும் அவர்களிற் பெரும்பான்மையோரின் வாக்கைப் பறித்தன. வாக்கில்லாதவனின் காய்ச்சலைப் பற்றி எந்த வேட்பாளன் கவலைப்படுவான்? தோட்டத்து மருத்துவம் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே விடப்பட்டது. எஞ்சியோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேதான் நிறைவேறியது.

இக்கதையை வகுப்பிற் படித்துக் காட்டியபோது மலையகத்து மாணவி ஒருத்தி எழுந்து, “இப்பவும் ஆஸ்பத்திரிக்குப் போனா அன்னைக்குப் பேர் விழாது, சேர்” என்றாள். நமது விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியும் தொடாத இடத்தை அவள் ஒரு வாக்கியத்தில் தொட்டுவிட்டாள். வைத்தியம் இலவசம், ஆனால், பஸ் கட்டணம் இலவசமன்று, இழந்த நாட்கூலியை ஈடுசெய்வாருமில்லை. நாட்கூலி 1000 ரூபாயாக நிர்ணயிக்கப்படுவதற்கே தொழிலாளர் 2021 வரை போராட வேண்டியிருந்தது. நாட்கூலியில் வாழும் தாய் நோயைத் தள்ளிப்போடாமல் என்ன செய்வாள்? வசதியுள்ளவனோ தனியார் மருத்துவமனையிற் பணம் கட்டி அன்றே வைத்தியரைக் கண்டுவிடுகிறான்.

ஆகவே, கூலியையும் மருத்துவத்தையும் வெவ்வேறு பிரச்சினைகளாகப் பிரித்து நோக்குவது தவறு. நோயுற்ற நாளுக்கும் கூலி, லயத்துக்கு அண்மையிலேயே அரசாங்க மருத்துவமனை, வருமானத்துக்கேற்ற வரி: இவை யாருடைய தருமமுமல்ல, சட்டத்தாற் பெறவேண்டிய உரிமைகள். மருதிக்காகக் கண்ணீர் விடும் வாசகன் இவற்றையும் கேட்கத் துணிவானா? கதையின் பயனை நாம் அளக்க வேண்டியது இக்கேள்வியாலேயே.